சட்டமாகாத ஒரு பிரிவும் அக்காவின் ஒன்பது புள்ளிகளும்

லண்டனில் ஓர் ஆலோசனை நிலையத்தில் வாரத்தில் ஒரு நாள் தொண்டராக உட்கார்ந்து, அரச உதவிப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கிறேன். அங்கே என் கையால் போன கோப்புகளில் ஒன்று இது. உரியவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நேரில் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

2025 கோடையில் மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவைக் கட்டுப்படுத்த பிரிட்டிஷ் அரசு பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்த பிரிவு ஒன்று, வாக்கெடுப்புக்குச் சற்று முன் கைவிடப்பட்டது. "அப்ப ஒண்டும் நடக்கேல்லைத்தானே" என்று எங்கள் நிலையத்திலேயே ஒருவர் சொன்னார். அக்காவின் வீட்டில் நடந்தது.

வேலையிலிருந்து படிவத்துக்கு

அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. கணவர் இல்லை. 24 வயது மகளோடு வாடகை வீட்டில் இருக்கிறார். முதியோர் இல்லம் ஒன்றில் 14 வருடம் பராமரிப்பு வேலை செய்தவர். மற்றவர்களைக் குளிப்பாட்டுவதும் உடுத்திவிடுவதும் சாப்பாடு ஊட்டுவதும்தான் அவருடைய தொழில். 2021இல் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் என்றார்கள். உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே தாக்கும் நோய் இது. வயதானால் வரும் மூட்டுத் தேய்வு என்று நினைத்துக்கொண்டு ஆளுக்கொரு எண்ணெய் சொன்னவர்கள் ஏராளம்.

வாரத்துக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. அடுத்த நாள் முழுக்கக் குமட்டலும் அசதியும். மருந்து ஈரலையும் இரத்தத்தையும் பாதிக்கிறதா என்று பார்க்க ஒழுங்காக இரத்தப் பரிசோதனை. காலையில் விரல்கள் மடங்கவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். கேத்திலைத் தூக்க முடியாது. ஒரு கோப்பைக்கு மட்டும் சுடுதண்ணீர் ஊற்றும் சின்ன இயந்திரம் ஒன்றை மகள் வாங்கி வைத்திருக்கிறாள்.

2022இல் வேலை நின்றது. முதலாளி கொடுத்தது சட்டப்படியான நோய்க்காலச் சம்பளம் மட்டும்: அப்போது வாரம் 99.35 பவுண், அதுவும் 28 வாரத்துக்கு. பிறகு யூனிவர்சல் கிரெடிட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் மாத உதவி. வேலை செய்ய முடியுமா என்று பார்க்கும் தனி மதிப்பீடு ஒன்று முடிந்து, "வேலைக்கும் வேலைக்கான ஆயத்தத்துக்கும் இயலாதவர்" என்ற பிரிவில் சேர்க்கப்பட்டார். 2025-26 கணக்கில் தனி ஆளுக்கு மாதம் 400.14 பவுண் அடிப்படைத் தொகை, அதன் மேல் உடல்நலப் பகுதியாக 423.27. வாடகைக்கு உதவி வேறாக வரும்.

பிப் (Personal Independence Payment) என்று எல்லாரும் சொல்வது இன்னொன்று. 2012ஆம் ஆண்டின் நலத்துறைச் சீர்திருத்தச் சட்டத்தால் வந்து, 2013இலிருந்து பழைய ஊனக் கொடுப்பனவின் இடத்தைப் பிடித்தது. இதில் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. பிப் வேலையில்லாதவர்களுக்கான பணம் அல்ல. வேலை செய்பவருக்கும் கிடைக்கும், வருமானமோ சேமிப்போ கேட்கப்படாது. நோயோடு வாழ்வதற்கு ஆகும் மேலதிகச் செலவுக்குத்தான் அது. அக்காவின் வீட்டில் அது என்னவாக மாறியது என்றால், வெட்டிய மரக்கறிப் பைகள், இரத்தப் பரிசோதனை நாட்களில் டாக்சி, குளிரில் மூட்டு இறுகாமலிருக்க ஹீட்டர்.

புள்ளிகள்

பிப்பின் அன்றாட வாழ்வுப் பகுதியில் பத்துச் செயல்கள் இருக்கின்றன: சமைப்பது, சாப்பிடுவது, மருந்து பார்த்துக்கொள்வது, குளிப்பது, கழிப்பறை, உடுப்பது, பேசுவது, வாசிப்பது, ஆட்களோடு பழகுவது, காசுக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உதவி தேவை என்பதற்கேற்பப் புள்ளி. கூட்டினால் 8 வந்தால் சாதாரணத் தொகை, 12 வந்தால் உயர் தொகை. நடமாட்டப் பகுதி தனி.

அக்கா 2022 ஒக்டோபரில் விண்ணப்பித்தார். மதிப்பீடு தொலைபேசியில், மொழிபெயர்ப்பாளரை வைத்து நடந்தது. நான் அப்போது அவருக்கு அறிமுகமில்லை. பிறகு அறிக்கையைப் படித்தபோதுதான் என்ன நடந்தது என்று புரிந்தது. எப்படிக் குளிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா சொன்ன பதில்: "ஏதோ ஒரு மாதிரிச் சமாளிக்கிறன்." அறிக்கையில் இருந்தது: சுயமாகச் செய்துகொள்கிறார்.

இந்தச் சொல்லைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். தமிழில் ஒருவர் சமாளிக்கிறேன் என்றால் முடியவில்லை என்றே அர்த்தம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலியைப் பல்லால் கடித்துக்கொண்டு, பாதி வேலையை விட்டுவிட்டு எப்படியோ முடித்தேன் என்கிறார். அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போகும்போது அத்தனையும் உதிர்ந்து, "முடிகிறது" என்பது மட்டும் போய்ச் சேர்கிறது. மொழிபெயர்த்தவர் அகராதிப்படி பிழை விடவில்லை என்பதுதான் எரிச்சல். எப்படி இருக்கிறீர்கள் என்ற முதல் கேள்விக்கு அக்கா "நல்லா இருக்கிறன்" என்று சொன்னதும் அறிக்கையில் பதிவாகியிருந்தது. வேறென்ன சொல்வார்?

கிடைத்தது 5 புள்ளி. சமையலுக்கு 2, குளிப்பதற்கு 2, மருந்துக்கு 1. மூன்று புள்ளி குறைவு, கொடுப்பனவு இல்லை. மறுபரிசீலனை கேட்டார், அதே 5. அந்தக் கட்டத்தில்தான் மகள் அவரை எங்கள் நிலையத்துக்குக் கூட்டிவந்தாள்.

தீர்ப்பாயத்துக்குப் போக அக்காவுக்கு விருப்பமே இல்லை. "கோட்டுக்குப் போற அளவுக்கு நான் என்ன செய்தனான் தம்பி?" என்று கேட்டார். அங்கே உண்மையில் இருப்பவர்கள் ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், இயலாமை பற்றி அனுபவமுள்ள ஒருவர். மூவரும் ஒரு மேசைக்குப் பின்னால் இருந்து கேள்வி கேட்பார்கள். வழக்கு அவ்வளவு தூரம் போனால் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சாதகமாகவே முடிகிறது என்பதைச் சொல்லித்தான் சம்மதிக்க வைத்தோம்.

2024 பெப்ரவரியில் விசாரணை. காலை பத்து மணிக்கு. நீதிபதி கேட்ட முதல் கேள்வியே போதுமாக இருந்தது: இன்று எத்தனை மணிக்கு எழும்பினீர்கள்? ஐந்து மணிக்கு என்றார் அக்கா. ஏன் அவ்வளவு நேரத்தோடு என்று கேட்க, விரல் மடங்கும் வரை காத்திருந்தது, மகள் கீழ் உடுப்பு போட்டுவிட்டது, உயர்த்திய கழிப்பறை இருக்கை எல்லாம் தானாக வெளியே வந்தன. சட்டம் சொல்வது இதுதான்: ஒரு செயலைச் செய்ய முடியும் என்று எடுத்துக்கொள்ள, அதை ஆபத்தில்லாமல், சரியான தரத்தில், தேவைப்படும் தடவையெல்லாம், நோயில்லாதவர் எடுக்கும் அதிகபட்ச நேரத்தின் இரண்டு மடங்குக்குள் செய்ய முடிய வேண்டும். இந்த நான்கில் ஒன்றைக்கூட முந்திய அறிக்கை தொடவில்லை.

கழிப்பறைக்கு 2, உடுப்பதற்கு 2 சேர்ந்தன. மொத்தம் 9. நடமாட்டத்துக்கு 4 மட்டும் வந்ததால் அந்தப் பகுதி இல்லை. அன்றாட வாழ்வுப் பகுதி 2027 பெப்ரவரி வரை தரப்பட்டது, நிலுவைப் பணமாக நாலாயிரத்து ஐந்நூறு பவுண் அளவில் வந்தது. அதோடு மகளும் கேரர்ஸ் அலவன்ஸுக்கு விண்ணப்பித்தாள். வாரம் 35 மணித்தியாலம் பார்த்துக்கொள்பவருக்கு அது கிடைக்கும், ஆனால் பார்க்கப்படுபவர் பிப்பின் அன்றாட வாழ்வுப் பகுதி போன்ற ஒரு கொடுப்பனவில் இருந்தால்தான்.

2 + 2 + 2 + 2 + 1. இந்தக் கூட்டல் அடுத்த வருடம் முக்கியமாகப் போகிறது.

ஒரு தாளில் எழுதிய கணக்கு

2025 மார்ச் 18 அன்று, அப்போதைய வேலை, ஓய்வூதிய அமைச்சர் லிஸ் கெண்டல் பச்சை அறிக்கையை, அதாவது சட்டமாக்கும் முன் அரசு வெளியிடும் முன்மொழிவை, வெளியிட்டார். அதில் பிப் பற்றிய முக்கிய மாற்றம் ஒரு வரியில் அடங்கிவிடும்: 2026 நவம்பரிலிருந்து மொத்தம் 8 இருந்தால் போதாது, ஏதாவது ஒரு செயலிலாவது 4 புள்ளி இருக்க வேண்டும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கடுமையான தேவை உள்ளவர்களுக்குப் பணம் போகட்டும் என்பது அரசின் வாதம். ஆனால் புள்ளிகள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். தலைமுடியையோ இடுப்புக்குக் கீழேயோ கழுவ இன்னொருவரின் கை தேவைப்பட்டால் 2. தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே கழுவ உதவி தேவைப்பட்டால் 4. உடுப்பதிலும் இதே கதை: கீழ் உடம்புக்கு உதவி 2, மேல் உடம்புக்கு 4. குனிய முடியாத, விரல் மடங்காத ஒருவருக்கு நாளின் ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் கொஞ்சம் முடியாது. அவர் எங்கேயும் 4ஐத் தொடமாட்டார். அக்கா அப்படித்தான்.

அன்று நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். பிப் வாரம் 73.90, வருடத்துக்கு 3,842.80 பவுண். அது போனால் மகளின் கேரர்ஸ் அலவன்ஸ் வாரம் 83.30, வருடத்துக்கு 4,331.60, அதுவும் போகும். இரண்டும் சேர்ந்து 8,174.40. தாய்க்குப் பிப் இருப்பதால்தான் வளர்ந்த மகள் வீட்டில் இருப்பதற்காக வாடகை உதவியில் கழிக்கும் மாதம் 93 பவுணும் கழிக்கப்படாமல் இருக்கிறது. அந்தக் காப்பும் இல்லாமல் போகும். இதற்கு மேல் ஒன்று: வேலைத்திறன் மதிப்பீட்டை 2028இல் ஒழித்துவிட்டு, யூனிவர்சல் கிரெடிட்டின் உடல்நலப் பகுதியைப் பிப்போடு கட்டிவிடப் போவதாகவும் பச்சை அறிக்கை சொன்னது. அப்படியானால் மாதம் 423.27க்கும் அதே ஒன்பது புள்ளிதான் அத்தாட்சி.

கீழே கோடு போட்டு, கூட்டி, தாளை மகளிடம் கொடுத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். இந்தக் கோப்பில் நான் விட்ட பெரிய பிழை அதுதான்.

எட்டு நாள் கழித்து அரசின் சொந்த மதிப்பீடு வந்தது. 2030 வாக்கில் எட்டு லட்சம் பேர் பிப்பின் அன்றாட வாழ்வுப் பகுதியை இழப்பார்கள் அல்லது பெறாமலே போவார்கள், ஆளுக்குச் சராசரி வருடம் 4,500 பவுண். எல்லா மாற்றங்களும் சேர்ந்து இரண்டரை லட்சம் பேரை, அதில் ஐம்பதாயிரம் பிள்ளைகளை, வறுமைக்குள் தள்ளும். என் தாளைவிடப் பெரிய தாள். மகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தாள்.

மார்ச்சிலிருந்து ஜூலை வரை

அக்கா முதலில் டாக்சியை நிறுத்தினார். இரத்தப் பரிசோதனைக்கு இரண்டு பஸ் மாறிப் போய்விட்டு வந்து, அடுத்த நாள் படுக்கையிலேயே கிடந்தார். ஏப்ரலிலேயே ஹீட்டரை அணைத்துவிட்டார். பிப் அடுத்த வருடக் கடைசி வரை போகாது என்று சொன்னால், "அதுக்குத்தான் இப்பவே மிச்சம் பிடிக்கிறன்" என்பார். சரி, இதில் நான் என்ன பதில் சொல்வது?

கடைக்குப் போவதும் குறைந்தது. நல்லாக இருக்கும் ஒரு நாளில் யாராவது பார்த்து ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம். அந்த மாதங்களில் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் பெனிபிட்ஸ் எடுப்பவர்களைப் பற்றிப் பேசிய விதம் அப்படி.

ஒரு நாள் கேட்டார்: "தம்பி, மேல் உடம்பு கழுவவும் ஆள் வேணும் எண்டு சொன்னால் நாலு வருமோ?" வரும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நான் எத்தினை பேரைக் கழுவினனான். கழுவேலாத ஆக்கள் எப்பிடி இருப்பினம் எண்டு எனக்குத் தெரியும். நான் அந்த நிலைக்கு இன்னும் வரேல்லை." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உண்மை சொல்பவருக்குத் தண்டனை கொடுக்கும் விதி என்று கோப்பில் குறிப்பு எழுதினேன், பிறகு அது குறிப்பு அல்ல கோபம் என்று வெட்டினேன். இங்கே திரும்ப எழுதிவிட்டேன்.

மகளின் கதைதான் என்னை உறுத்துவது. அவள் ஒரு கடையில் வாரம் 15 மணித்தியாலம் வேலை செய்தாள். மணிக்கு 12.21, குறைந்தபட்சச் சம்பளம். வாரம் 183.15. 2025-26இல் கேரர்ஸ் அலவன்ஸ் எடுப்பவர் வாரம் 196 பவுணுக்கு மேல் உழைக்கக் கூடாது என்று இருந்தது. ஒரு பவுண் தாண்டினாலும் அந்த வாரத் தொகை முழுவதும் போய்விடும். படிப்படியாகக் குறைவதில்லை. அவள் இந்த எல்லையைக் கவனமாகப் பார்த்து நடந்தவள்.

மே மாதம் கடையில் 20 மணித்தியால வேலை ஒன்று வந்தது. அவள் யோசித்த விதத்தில் பிழை சொல்ல எனக்கு வாய் வராது. எப்படியும் அடுத்த வருடம் அம்மாவின் பிப்பும் தன் அலவன்ஸும் போகப் போகிறது. அப்போது தேடினால் மணித்தியாலம் கிடைக்காது, இப்போதே பிடித்து வைப்போம். என் தாள் அவள் தொலைபேசியில் படமாக இருந்தது. என்னிடம் கேட்கவில்லை, எடுத்துவிட்டாள்.

முன்பு சம்பளமும் அலவன்ஸும் சேர்த்து வாரம் 266.45. இப்போது 20 மணித்தியாலத்துக்கு 244.20. அதாவது ஐந்து மணித்தியாலம் கூட வேலை செய்து 22.25 பவுண் குறைவாக வாங்கினாள். அந்த ஐந்து மணித்தியாலமும் காலை நேரத்தில் வந்தது, அக்கா எழும்பும் நேரம். இரண்டு நாட்கள் குளிக்காமல் ஈரத்துணியால் துடைத்துவிட்டு இருந்தார். நல்லவேளை விழவில்லை.

ஆட்களை வேலைக்குக் கொண்டுவருவதற்கான சீர்திருத்தம் என்றுதான் பெயர். ஒரு வகையில் இந்த வீட்டில் அது பலித்தது!

ஜூலை முதலாம் நாள்

சட்டமூலம் ஜூன் 18இல் வந்தது. பிப்பை இழப்பவர்களுக்கு 13 வாரம் மட்டும் தொடர்ந்து பணம் தருவதாக அதில் இருந்தது. ஆளும் தொழிற்கட்சியிலேயே 120க்கு மேற்பட்ட எம்.பி.க்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். ஜூன் 27இல் அரசு ஓரடி பின்வாங்கியது: இப்போது பிப் எடுப்பவர்களைத் தொடமாட்டோம், புதியவர்களுக்கு மட்டும். அந்த வெள்ளிக்கிழமையே அக்கா தப்பிவிட்டார் என்று சொல்லலாம். ஜூலை 1 அன்று, இரண்டாம் வாசிப்பு விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, இணையமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் எழுந்து, நாலு புள்ளி விதி இருந்த ஐந்தாம் பிரிவையே எடுத்துவிடுவதாக அறிவித்தார். சட்டமூலம் 335க்கு 260 என்று அந்தக் கட்டத்தைத் தாண்டியது. செப்டம்பர் 3இல் யூனிவர்சல் கிரெடிட் சட்டம் 2025 என்று ஆனது. பிப் என்ற பெயரே தலைப்பிலிருந்து போய்விட்டது. பிப் மதிப்பீட்டை டிம்ஸ் தலைமையில் மீளாய்வு செய்து 2026 இலையுதிர்காலத்துக்குள் அறிக்கை தருவது என்று முடிவானது.

சட்டத்தில் நல்லதும் உண்டு, சொல்லத்தான் வேண்டும். அடிப்படைத் தொகை சில வருடங்களுக்கு விலைவாசியைவிடக் கூடுதலாக உயரும். ஆனால் 2026 ஏப்ரலிலிருந்து புதிதாக உடல்நலப் பகுதிக்குள் வருபவர்களில், மிகக் கடுமையான நோயாளிகளையும் இறுதிக்கட்ட நோயாளிகளையும் தவிர மற்றவர்களுக்கு மாதம் 217.26 மட்டுமே. அக்காவுக்கு வருவதில் ஏறக்குறையப் பாதி. அதே நோய், அதே விரல்கள், நாலு வருடம் பிந்தி வந்ததுதான் வித்தியாசம்.

ஜூலை 2 காலை நான் தொலைபேசியில் சொன்னபோது மகள் முதலில் கேட்டது: "அப்ப நான் திரும்பப் பதினைஞ்சுக்குப் போகலாமா அண்ணா?" போகலாம், கடை சம்மதித்தால். கடை சம்மதிக்கவில்லை. வேலை அட்டவணை கிறிஸ்துமஸ் தாண்டும் வரை போட்டாகிவிட்டது என்றார் மேலாளர். ஜனவரியில்தான் பழைய மணித்தியாலம் கிடைத்தது, அலவன்ஸுக்குப் புதிதாக விண்ணப்பித்தாள். மே நடுப்பகுதியிலிருந்து எண்ணினால் 34 வாரம், வாரம் 22.25. ஏறக்குறைய 750 பவுண். ஐந்தாம் பிரிவு யாருக்கும் ஒரு பென்ஸ்கூடக் குறைக்கவில்லை என்பது ஏட்டில் உண்மை.

நான் என்ன மாற்றியிருக்கிறேன் என்றும் எழுதிவைக்க வேண்டும். முன்மொழிவு நிலையில் இருக்கும் எதற்கும் இப்போது தாளில் தொகை எழுதிக் கொடுப்பதில்லை. எப்போது, எந்தக் கட்டம் தாண்டினால் அது சட்டமாகும் என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். வேலை மணித்தியாலம், வீடு, சேமிப்பு இவற்றில் கை வைக்கும் முன் ஒரு முறை கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்பவர்களில் பாதிப்பேர் அப்படியும் கூப்பிடுவதில்லை.

மீளாய்வுப் படிவம்

கொடுப்பனவு முடிய ஒரு வருடம் இருக்கும்போதே அக்காவுக்கு மீளாய்வுப் படிவம் வந்துவிட்டது. பழைய விதிதான், 8 இருந்தால் போதும். நிலையத்தின் பின் அறையில் இருந்து நிரப்பினோம். அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன், மகள் தொலைபேசியில் மருந்துப் பட்டியலை வாசித்தாள். சமையல் முடிந்தது, மருந்து முடிந்தது. குளிப்பது பற்றிய பக்கம் வந்ததும் அக்கா பழக்கதோஷத்தில் தொடங்கினார்.

"அது ஏதோ ஒரு மாதிரிச் சமா..."

நிறுத்தினார். மகள் சிரித்துவிட்டாள்.

"அதை எழுதிப் போடாதேங்கோ தம்பி," என்றார். "வெட்டுங்கோ. நான் முதல்ல இருந்து சொல்லுறன். காலமை அஞ்சு மணிக்கு எழும்புறன்."